கோக்கனி ட்ரோலிங்குக்கு எந்த ரீல்: லைன் கவுண்டரா, சிறிய பெய்ட்காஸ்டரா?

ஏரிக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். சியாட்டிலுக்கு வடக்கே, லேக் ஸ்டீவன்ஸ் ஏரிக்குப் பக்கத்தில் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு 14 அடி நீளமுள்ள பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கிக் கோடை முழுவதும் கோக்கனி என்ற சிறு ஏரி சால்மனுக்காக, தூண்டிலைப் படகின் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரோலிங் முறையில் அலைந்தேன். 11 மீன்கள் கடித்தன. படகுக்குள் வந்தவை மூன்று. மற்றவற்றில் சில, கடித்த சில நொடிகளிலேயே தூண்டில் நரம்பு தளர்ந்து கழன்றன. சில கைவலைக்கு ஓரடி தூரம் வரை வந்து, உதட்டைக் கிழித்துக்கொண்டு போயின. ட்ரவுட்டுக்காக வைத்திருந்த ஸ்பின்னிங் ரீலும் விறைப்பான கம்பும்தான் அப்போது என்னிடம் இருந்தன.

இவ்வாண்டு அடிவரை வளைந்து கொடுக்கும் ஏழரை அடி ஃபைபர்கிளாஸ் கம்புகள் இரண்டை வாங்கிவிட்டேன். கனமான குண்டால் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும், கையால் சுற்றும் டவுன்ரிக்கர் ஒன்றையும் படகில் பொருத்தியாகிவிட்டது. நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் மட்டுமே பாக்கி. கடையில், வெளியேறிய நரம்பின் நீளத்தைக் காட்டும் லைன் கவுண்டர் உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். படகுத்துறையில் பார்ப்பவர்களோ, உள்ளங்கைக்குள் அடங்கும் லோ ப்ரொஃபைல் பெய்ட்காஸ்டரே போதும் என்கிறார்கள். ஒரு ரீலுக்கு 100 டாலருக்கு மேல் செலவழிக்க மனமில்லை. பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன் என்பதையும் கணக்கில் கொண்டு அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

செதில்:

வணக்கம் நண்பரே. கடைக்காரரும் சரியாகத்தான் சொல்கிறார், படகுத்துறையில் சொன்னவர்களும் சரியாகத்தான் சொல்கிறார்கள். அவரவர் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் முறை வேறு என்பதை மட்டும் இருவருமே சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

கோக்கனி என்பது கடலுக்கே போகாமல் ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கும் சாக்கை சால்மன். நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்களைத் தின்று வளர்வதால், இரையைக் கவ்விக் கிழிக்கும் மீன்களுக்கு உள்ள உறுதியான தாடை இதற்கு இல்லை. உதட்டோரம் ஈரக் காகிதம் போல இருக்கும். நம் ஏரிகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு பவுண்டைத் தாண்டுவதில்லை. 2010-இல் ஆரிகன் மாநிலத்து வலோவா ஏரியில் ஒன்பதரைப் பவுண்டுக்கும் மேற்பட்ட கோக்கனி பிடிபட்டதை உலகச் சாதனை என்று இன்றும் பேசுகிறோம் என்றால், சாதாரண மீன் எவ்வளவு சிறியது என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம். எனவே ரீலின் வலிமை என்ற கேள்வியே இங்கு எழவில்லை. பெட்டியின் மேல் 20 பவுண்டு டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை வழுக்கி விட்டுக்கொடுக்கும் தடை) என்று அச்சிட்டிருந்தால், அந்த வரியைப் படிக்காமலே பெட்டியைத் திருப்பி வையுங்கள்.

இந்த மீனுக்கு 50 முதல் 54 டிகிரி ஃபாரன்ஹீட் வரையிலான குளிர்ந்த நீர்தான் பிடிக்கும். ஏப்ரலில் அந்த நீர் மேல்மட்டத்திலேயே கிடைக்கும். ஜூலை பிறந்தால் 40, 50 அடிக்குக் கீழே போய்விடும். உங்களிடம் டவுன்ரிக்கர் இருக்கிறது. குண்டு எத்தனை அடி இறங்கியது என்பதை டவுன்ரிக்கரின் எண்காட்டியே சொல்லிவிடும். ரீல் சொல்ல வேண்டியது, நரம்பைக் குண்டோடு பிடித்துவைத்து மீன் கடித்ததும் விடுவிக்கும் கிளிப்புக்குப் பின்னால் எத்தனை அடி நரம்பை விட்டிருக்கிறீர்கள் என்பதை மட்டுமே. அதற்கென்று ஒரு கவுண்டரைச் சுமக்கத் தேவையில்லை. ஏறக்குறைய 7 அவுன்சு எடையுள்ள சிறிய பெய்ட்காஸ்டரே உங்கள் மெல்லிய கம்புக்குப் பொருந்தும். அதன் இருமடங்கு எடையுள்ள உருண்டை ரீலைப் பொருத்தினால், கம்பு கையில் நில்லாமல் பக்கவாட்டில் சாயும். மீன் உருளும் வேளையில் அதையும் பிடித்துச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

ஈயக்குண்டு:

செதில் அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கவுண்டரை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. எனக்கு டவுன்ரிக்கர் கிடையாது. மீனைக் கவர மினுங்கி ஆடும் டாட்ஜர் தகட்டுக்கு முன்னால் இரண்டு அவுன்சு ஈயத்தைக் கோத்து, மணிக்கு 1.2 மைல் வேகத்தில் இழுப்பேன். அந்த முறையில் ஆழம் என்பதே வெளியே விட்ட நரம்பின் நீளமும் படகின் வேகமும் சேர்ந்து முடிவு செய்வது. 90 அடி விட்டபோது ஒரு மீன் கடித்தால் அடுத்த முறையும் மிகச் சரியாக 90 அடி விட வேண்டும். 75 விட்டால் மீனுக்கு மேலே போய்விடும், 110 விட்டால் கீழே போய்விடும். கோக்கனி மேல்நோக்கித்தான் பார்க்கும், தனக்குக் கீழே போவதைத் துரத்தாது.

உள்ளே ஈயம் ஓடும் லெட்கோர் நரம்பைப் பயன்படுத்துவோருக்கு வேறு கணக்கு. பத்து கஜத்துக்கு ஒரு நிறம் என்று அதிலேயே சாயம் ஏற்றியிருப்பதால் கவுண்டர் இல்லாமலும் சமாளிக்கலாம். ஆனால் அந்த நரம்பு தடிமனானது என்பதால் சிறிய ரீலில் அடங்காது, உருண்டை ரீல்தான் வேண்டும். டவுன்ரிக்கர் பழுதாகும் நாள் ஒன்று வரத்தான் செய்யும். அன்று கவுண்டர் உள்ளவன் மீன் பிடிப்பான்.

கவுண்டர் வேண்டும், எடையும் குறைய வேண்டும் என்றால் லோ ப்ரொஃபைல் உருவத்திலேயே ஒகுமாவின் கோல்ட் வாட்டர் வரிசையிலும் டைவாவின் லெக்சா வரிசையிலும் கவுண்டர் பொருத்திய ரீல்கள் உண்டு. ஷிமானோவின் டெகோட்டா போன்ற உருண்டை ரீல் நன்றாக உழைக்கும். கோக்கனிக் கம்பில் அது பெரிய தலைப்பாகை கட்டியது போலத்தான் இருக்கும்.

கணக்கன்:

கவுண்டரை நம்புபவர்களுக்கு ஒரு சொல். அந்தக் கருவி நரம்பை அளப்பதில்லை. நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் எத்தனை முறை சுழன்றது என்பதை எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு நீளம் என்று தயாரிப்பாளர் வைத்த கணக்கால் பெருக்கிக் காட்டுகிறது. அந்தக் கணக்கு, ஸ்பூல் விளிம்புவரை நிரம்பியிருப்பதாக எடுத்துக்கொண்டு போடப்பட்டது. நிரம்பிய ஸ்பூலின் விட்டம் 1.6 அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்கு 5 அங்குல நரம்பு வெளியேறும். நீங்கள் சிக்கனமாகச் சுற்றியதால் விட்டம் 1.2 அங்குலமாகக் குறைந்திருந்தால் ஒரு சுற்றுக்கு 3.8 அங்குலம்தான். கவுண்டர் 100 என்று காட்டும்போது உண்மையில் நீரில் இருப்பது 75 அடி.

கோக்கனிக்கு 200 அடி நரம்பே தாராளம் என்பதால் பலரும் 100 கஜத்தைச் சுற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், அடியில் மலிவான நரம்பைச் சுற்றி, மேலே நல்ல மோனோ (ஒற்றை இழை) நரம்பை விளிம்புக்கு எட்டுமளவு நிரப்புங்கள். கவுண்டர் இல்லாத ரீலுக்கும் இது பொருந்தும். விட்டம் குறைந்தால் கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் மீளும் நரம்பும் குறையும்.

ஈயக்குண்டு:

என் ரீல்கள் நிரம்பித்தான் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளாக அதே எண்ணில்தான் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வைகறை:

எல்லோரும் பெய்ட்காஸ்டரையே பேசுகிறீர்கள். என்னைப் போல ஸ்பின்னிங் ரீல் மட்டுமே பழகியவர்கள் அதைக் கொண்டே கோக்கனி பிடிக்க முடியாதா? எனக்குக் கட்டைவிரலால் ஸ்பூலைக் கட்டுப்படுத்துவது இன்னும் கைவரவில்லை. ஒரு முறை முயன்றபோது குருவிக்கூடு போலச் சிக்கியதை அவிழ்க்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

செதில்:

பிடிக்கலாம் அம்மா, ஏப்ரல், மே மாதங்களில் மேல்மட்ட மீன்களை ஸ்பின்னிங் ரீலால் பிடிப்பவர்கள் உண்டு. தொல்லை இரண்டு இடங்களில் வரும். முதலாவது முறுக்கு. ஸ்பின்னிங் ரீலில் டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றினால், நரம்பு உள்ளே வருவதில்லை. கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்குகள் ஏறுகின்றன. கோக்கனிக்கு டிராக்கை மிகத் தளர்வாக வைப்பதால் இது அடிக்கடி நேரும். மீன் தானும் உருண்டு உருண்டு வருவதால், முறுக்கைத் தடுக்கும் சுழல் இணைப்பான சுவிவல் நன்றாக இல்லையென்றால் முறுக்கு இன்னும் கூடும். இரண்டாவது, டவுன்ரிக்கரில் இறக்குவது. நரம்பைப் பிடிக்கும் கம்பி வளையமான பெயிலைத் திறந்தால் நரம்பு கட்டுப்பாடின்றிக் கொட்டும்; மூடினால் டிராக்கைத் தளர்த்தி இறக்கிவிட்டு ஒவ்வொரு முறையும் மீண்டும் முறுக்க வேண்டும். கோக்கனிக்கு அளந்து வைத்த டிராக்கை நாளுக்கு இருபது முறை கலைப்பது என்னால் ஆகாத காரியம்.

குருவிக்கூடு, தூண்டிலைத் தூக்கி எறியும்போது வருவது. ட்ரோலிங்கில் யாரும் எறிவதில்லை, இறக்குகிறோம். கைப்பிடிப் பக்கத்தில் சிறு குமிழ் ஒன்று இருக்கும். அதை முறுக்கி, டாட்ஜரின் எடைக்கு ஸ்பூல் தானாகச் சுழலாமல், கையால் இழுத்தால் மட்டும் சுழலுமாறு வைத்துவிட்டால் சிக்கலே வராது. காந்தத் தடை, மையவிலக்குத் தடை என்று விளம்பரத்தில் வருபவை ஸ்பூல் வேகமாகச் சுழலும்போதுதான் வேலை செய்யும். நமக்கு அவற்றால் பயனில்லை.

ஏரிக்கரையான்:

நன்றி. இப்போது ஓரளவு தெளிவாகிறது. இரண்டு ஐயங்கள். கவுண்டர் இல்லாமல் கிளிப்புக்குப் பின்னால் விடும் நீளத்தை எப்படி அளப்பது? நரம்பை ஸ்பூலில் சீராகப் பரப்பும் லெவல் விண்ட் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்வருவதை எண்ணலாம் என்று ஒருவர் சொன்னார். மற்றொன்று, தனியாக இருக்கும்போது ஒரு கை டவுன்ரிக்கரின் பிரேக்கில் இருக்குமே, ரீலை யார் பிடிப்பது?

பழுதுக்கடை:

லெவல் விண்டை எண்ணும் வழி, நரம்பு வெளியேறும்போதும் கூடவே நகரும் வகை ரீல்களில் மட்டுமே நடக்கும். பெரும்பாலான லோ ப்ரொஃபைல் ரீல்களில் ஸ்பூலை விடுவித்த உடனே அது நின்ற இடத்திலேயே நின்றுவிடும். நான் செய்வது இது: ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் இடையே நரம்பைப் பிடித்து, கையை நீட்டி இழுக்கிறேன், என் கைக்கு ஓர் இழுப்பு இரண்டு அடி. 20 இழுப்பு என்றால் 40 அடி. நம் ஊர்க் கடற்கரையில் பெரியவர்கள் ஆழத்தைப் பாகத்தால் அளந்தது போன்றதுதான். உங்கள் கைநீளத்தை வீட்டில் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள்.

கைகளைப் பற்றிய கேள்வி நியாயமானது. உருண்டை ரீல்களில் கிளிக்கர் என்ற பொத்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டு ஸ்பூலை விடுவித்தால் கறகறவென்ற ஒலியோடு நரம்பு அளவாகப் போகும், கையே தேவையில்லை. லோ ப்ரொஃபைல் ரீல்களில் பெரும்பாலும் கிளிக்கர் கிடையாது. கம்பைத் தாங்கியில் நிறுத்தி, செதில் சொன்ன குமிழின் இறுக்கத்தையே நம்பிக் குண்டை மெதுவாக இறக்க வேண்டும். குண்டைத் திடீரென்று விட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஸ்பூல் மேலும் சில சுற்றுகள் ஓடி நரம்பு தளர்ந்துவிடும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: மீன் இழுத்து டிராக் வழுக்கும்போதும் ஸ்பூல் சுழல்கிறது, குமிழின் உராய்வும் டிராக்கோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே முதலில் குமிழைச் சரிசெய்யுங்கள், அதன் பிறகு டிராக்கை.

இனி டிராக்கைப் பற்றி. நான் ரீல்களைப் பிரித்துச் சேர்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவன். நண்பர்கள் கொண்டுவரும் ரீல்களில் கோக்கனியை இழக்கச் செய்தவை பெரும்பாலும் டிராக் அதிகமானவை அல்ல, டிராக் தொடங்கத் தயங்குபவை. டிராக்கினுள் நின்றிருக்கும் தகடு நகரத் தொடங்குவதற்கு ஒரு விசை வேண்டும். நகர்ந்த பிறகு அதைவிடக் குறைந்த விசை போதும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் உதட்டைக் கிழிக்கிறது. ஒரு பவுண்டில் வழுக்கும் டிராக் தொடங்குவதற்கு இரண்டு பவுண்டு கேட்டால், மீனுக்கு அது இரண்டு பவுண்டு டிராக்தான். கார்பன் இழைத் தகடுகளில் இந்த வேறுபாடு சிறியது. ஃபெல்ட் தகடுகளும் மோசமில்லை. ஆனால் காய்ந்துபோனாலோ, குளிர்காலம் முழுவதும் முறுக்கிய நிலையிலேயே கிடந்தாலோ அழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கரைக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்திவைப்பது பல் துலக்குவது போல ஒரு பழக்கமாக வேண்டும்.

சோதிக்கத் தராசு வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஏறக்குறைய 1.1 பவுண்டு எடை. நரம்பைக் கம்பின் வளையங்களில் கோத்து, போத்தலின் கழுத்தில் கட்டித் தரையில் வையுங்கள். கம்பை மெல்ல உயர்த்துங்கள். போத்தல் தரையை விட்டு எழும்போதே டிராக் வழுக்கத் தொடங்கி, போத்தல் அசையாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கம்பின் நுனி தலையாட்டி, போத்தல் எழும்பி எழும்பி விழுந்தால், அந்த ரீலின் விலை எதுவானாலும் கோக்கனிக்கு ஆகாது. சோதனையை முதல் நாள் இரவே முறுக்கிவைத்த ரீலில் மறுநாள் காலையில் செய்யுங்கள். கடையில் செய்தால் எல்லா ரீலும் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும்.

கணக்கன்:

போத்தல் யோசனை அருமை. ஆனால் டவுன்ரிக்கரில் கிளிப்பில் மாட்டிக் கம்பை வில் போல வளைத்துவைக்கும்போது, அந்த வளைவின் இழுவையையும் டிராக் தாங்க வேண்டுமே? ஒரு பவுண்டில் வைத்தால் நரம்பு கசிந்து கம்பு நிமிர்ந்துவிடாதா?

பழுதுக்கடை:

கசிந்தால் கம்பு விறைப்பானது என்று பொருள். நண்பர் வாங்கியிருக்கும் வகைக் கம்பு, ஒரு பவுண்டுக்குக் குறைந்த இழுவையிலேயே பாதிக்கு மேல் வளைந்துவிடும். அப்படியும் கசிந்தால் கம்பைச் சற்று நிமிர்த்தி வையுங்கள், டிராக்கைத் தொடாதீர்கள். கிளிப்பையும் மிக மெல்லிய பிடியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பத்து அங்குல மீன் கடித்ததே தெரியாமல் அரை மணி நேரம் அதை ஏரி முழுவதும் இழுத்துக்கொண்டு திரிவீர்கள்.

செதில்:

கியர் விகிதத்தை, அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று என்பதை, யாரும் தொடவில்லை. சென்ற ஆண்டு கடித்த உடனே கழன்ற மீன்களுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டவுன்ரிக்கரில் இது இன்னும் முக்கியம்: கிளிப்பிலிருந்து நரம்பு விடுபட்டதும் பெரிய தொய்வு உண்டாகும்; கம்பு நிமிர்ந்து அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும், மீதியை நீங்கள் சுற்றித்தான் எடுக்க வேண்டும். இதற்குள் கோக்கனி பெரும்பாலும் மேல்நோக்கி, படகை நோக்கியே பாய்ந்து வரும். நிரம்பிய ஸ்பூலின் விட்டம் 1.3 அங்குலமும் விகிதம் 6.3-க்கு 1-மாக உள்ள சிறிய ரீல், கைப்பிடியின் ஒரு சுற்றில் ஏறக்குறைய 26 அங்குலத்தை எடுக்கும். 1.6 அங்குல ஸ்பூலும் 4.2-க்கு 1 விகிதமும் உள்ள உருண்டை ரீல் 21 அங்குலம்தான் எடுக்கும். எட்டுக்கு மேற்பட்ட விகிதமும் வேண்டாம். டாட்ஜரின் இழுவையோடு சுற்றுவது கைக்குக் கனமாகி, சுற்றும் வேகம் ஒரே சீராக இராது.

நரம்பு 8 பவுண்டு மோனோவாக இருக்கட்டும். பின்னல் நரம்புக்கு நெகிழ்ச்சி இல்லை, கிளிப்பிலும் வழுக்கும். மோனோவின் நெகிழ்ச்சி இந்த மீனுக்கு இரண்டாவது டிராக்.

ஏரிக்கரையான்:

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். 6.3 விகிதமுள்ள, கவுண்டர் இல்லாத லோ ப்ரொஃபைல் ரீல்கள் இரண்டை ஒரே மாதிரியாக வாங்கினேன். இரண்டையும் சமையலறையில் தண்ணீர்ப் போத்தலோடு சோதித்தேன். ஒன்று மெழுகு போல வழுக்கியது. மற்றொன்று போத்தலை நான்கு முறை குதிக்கவிட்டது. ஒரே பெட்டி, ஒரே எண், ஒரே விலை. இரண்டாவதைத் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கினேன். கடைப் பையன் என்னைப் பார்த்த பார்வையை இங்கு விவரிக்க வேண்டியதில்லை.

சென்ற சனிக்கிழமை அதிகாலை ஏரியில் இறங்கினேன். குண்டு 45 அடியில், கிளிப்புக்குப் பின்னால் 15 இழுப்பு, வேகம் 1.3 மைல், கணவாய் போன்ற இளஞ்சிவப்பு ரப்பர் இரையான ஹூச்சியின் முள்ளில் இரண்டு வெள்ளைச் சோளமணிகள். முதலில் குமிழைச் சரிசெய்ய மறந்து குண்டை இறக்கி, பழுதுக்கடை ஐயா எச்சரித்தபடியே ஸ்பூலின் மேல் நரம்பு கலைந்து நின்றது. அதன் பிறகு ஏழு கடிகள், ஐந்து மீன்கள். நான்காவது மீன் படகருகே மூன்று முறை துள்ளிச் சுழன்றது. ஒவ்வொரு துள்ளலுக்கும் ரீல் ஒரு சாண், இரண்டு சாண் நரம்பைச் சத்தமின்றி விட்டுக்கொடுத்ததைக் கட்டைவிரலுக்கு அடியில் உணர முடிந்தது. அதன் மேலுதட்டில் முள் ஏறிய துளை, வலைக்குள் வந்தபோது ஒரு பட்டாணி அளவுக்கு அகன்றிருந்தது. கழன்ற இரண்டும் என் அவசரத்தால் போனவை, ரீலின் மேல் குறையில்லை.

ஈயக்குண்டு:

வாழ்த்துகள் தம்பி. நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணக்கனுக்குப் பதில் எழுதிய நாளிலிருந்து மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. சென்ற வாரம் மகனைப் பயிற்சிக்கு அழைத்துப் போனபோது பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துத் திடலுக்கு ரீலையும் எடுத்துச் சென்றேன். அங்கே ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. நரம்பின் நுனியை எல்லைக் கோட்டில் கட்டிவிட்டுக் கவுண்டரைச் சுழியத்தில் வைத்து நடந்தேன். எண் 100-ஐத் தொட்டபோது 25-ஆம் கோட்டுக்கு இரண்டு கஜம் தள்ளி நின்றேன். அதாவது 81 அடி. நிரம்பியிருப்பதாக நான் நினைத்த ஸ்பூலில், மூன்று ஆண்டுகளாக அறுத்து அறுத்துக் கட்டியதில் போனது போக மிஞ்சியதுதான் இருந்திருக்கிறது.

என் மீன்கள் என் 90-இல்தான் கடித்தன என்பதில் மாற்றமில்லை. அந்த 90-ஐ நம்பிப் போன மே மாதம் என்னோடு தன் புது ரீலில் 90 அடி விட்டுக்கொண்டு, பகல் முழுவதும் ஒரு கடியும் இல்லாமல் அமர்ந்திருந்த நண்பருக்கு இன்று மாலை தொலைபேசியில் பேச வேண்டும்.